அச்சில் உள்ளபடி வாசிப்பதா, பேச்சில் மாற்றிச் சொல்வதா? வீட்டில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் முறைகள்

தாளோசை

பிள்ளைக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட உட்காருகிற எல்லாரும் முதல் பக்கத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் இது. அச்சில் "மழை நின்றதும் குருவி கூட்டை விட்டு வெளியே வந்தது" என்று இருக்கும். வீட்டுப் பேச்சில் அது "மழ நின்னதும் குருவி கூட்ட விட்டு வெளிய வந்துச்சு". மூன்று வயதுப் பிள்ளை முதல் வாக்கியத்தைக் கேட்டு முழிக்கும். இரண்டாவதைக் கேட்டால் "எங்க போச்சு?" என்று திருப்பிக் கேட்கும்.

அச்சில் உள்ளபடியே வாசித்தால் பாதியில் எழுந்து போய்விடுகிறது. பேச்சில் மாற்றியே சொல்லிப் பழக்கினால், பள்ளியில் தானாக வாசிக்கத் தொடங்கும் நாளில் 'வந்தது', 'நின்றன', 'சென்றார்கள்' எல்லாமே அதற்குப் புதுச் சொற்கள்.

எந்த வயதில் எதைச் செய்வது, எப்போது மாறுவது, மாறும்போது எங்கே கெடுகிறது? 2 முதல் 10 வயது வரை என்று வைத்துக்கொள்வோம். "எங்க வீட்டுல இப்படித்தான்" கதைகளை ஒதுக்கிவிட்டு முறையை மட்டும் எழுதுங்கள்.

அரைமாத்திரை

இரண்டும் வேண்டும். ஒரே புத்தகத்துக்கு, வேறு வேறு நாளில்.

சின்னப் பிள்ளைகள் ஒரே புத்தகத்தை ஆறு, எட்டு முறை கேட்பார்கள். பெரியவர்களுக்கு அலுக்கும், ஆனால் வேலை நடப்பது அந்தத் திரும்பக் கேட்பதில்தான். முதல் இரண்டு முறை படத்தைக் காட்டி முழுக்கப் பேச்சில் சொல்லுங்கள். யார், எங்கே, என்ன ஆயிற்று என்பது பிடிபட வேண்டும், அவ்வளவே. மூன்றாம், நான்காம் முறை விவரிப்பு வரிகளை அச்சில் உள்ளபடி வாசித்து, குருவியும் அணிலும் பேசிக்கொள்ளும் வரிகளை மட்டும் பேச்சில் சொல்லுங்கள். ஐந்தாம் முறையிலிருந்து எல்லாமே அச்சில் உள்ளபடி. கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் "வந்தது என்றால் வந்துச்சு" என்பதைக் காதே பொருத்திக்கொள்ளும். யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

நாலரை, ஐந்து வயதில் முதல் படியை விட்டுவிட்டு நேராக இரண்டாவதுக்குப் போகலாம். ஆறு வயதுக்கு மேல் மாற்றிச் சொல்லவே வேண்டாம். புரியாத வரி வந்தால் முழு வரியையும் வாசித்து முடித்துவிட்டு, வினைச்சொல்லை மட்டும் பேச்சில் ஒருமுறை சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும்: "குருவி கூட்டை விட்டு வெளியே வந்தது." ஒரு மூச்சு விட்டு, "வெளிய வந்துச்சு." அடுத்த வரி.

கெடுவது எங்கே என்றால், ஒரே வாக்கியத்துக்குள் கலப்பதில். "குருவி கூட்டை விட்டு வெளிய வந்துச்சு" என்று முன்பாதி அச்சு, பின்பாதி பேச்சு. பிள்ளைக்கு இரண்டில் எதன் வடிவமும் முழுதாகக் கிடைக்காது. மாற்றினால் வாக்கியம் முழுவதையும் மாற்றுங்கள்.

பின்னட்டை

ஒத்துக்கொள்ள முடியவில்லை நண்பரே.

படக்கதை எழுதுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டிருப்பார். அச்சுத் தாளை எட்டெட்டாக, பதினாறு பதினாறாக மடித்து வெட்டுவதால் பெரும்பாலான படப்புத்தகங்கள் 24 அல்லது 32 பக்கத்தில் முடிந்துவிடும். அதில் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிதான் இடம். "குருவி தயங்கித் தயங்கி மெல்ல எட்டிப் பார்த்தது" என்று இருப்பதை வாசிக்கிறவர் அந்த நேரத்தில் மாற்றிச் சொன்னால் என்ன வருகிறது? "குருவி பாத்துச்சு." விகுதி மட்டுமா போனது? 'தயங்கி', 'மெல்ல', 'எட்டி' மூன்றும் போய்விட்டன. வீட்டுப் பேச்சில் அரிதாக வரும் சொற்கள் பிள்ளையின் காதுக்கு வருகிற ஒரே வழி புத்தகம். அதையும் நாமே அடைத்துவிடுகிறோம்.

இன்னொன்று. பிள்ளைக்கு எல்லாம் புரிய வேண்டும் என்ற பதற்றம் எதற்கு? தாலாட்டு யாருக்குப் புரிந்தது? படம், குரல், தாளம் மூன்றும் சேர்ந்து முக்கால்வாசியை ஏற்றிவிடும்.

அரைமாத்திரை

பின்னட்டை சொல்வதில் ஒன்று நூற்றுக்கு நூறு சரி. மாற்றுகிறேன் என்று சுருக்கிவிடுகிறோம். அதனால் முறையைத் திருத்திச் சொல்கிறேன்: விகுதியை மாற்றலாம், சொல்லை உதிர்க்கக் கூடாது. "குருவி தயங்கித் தயங்கி மெல்ல எட்டிப் பாத்துச்சு." இதில் ஒரு சொல்கூடக் குறையவில்லை.

இதைத் தடுமாறாமல் செய்ய எழுத்துத் தமிழுக்கும் பேச்சுக்கும் நடுவே உள்ள மாற்றங்கள் சிலவற்றைக் கவனித்து வைத்துக்கொண்டால் போதும், அவை ஒழுங்காகத்தான் நடக்கின்றன. 'ற்ற' என்பது 'த்த' ஆகும்: காற்று, காத்து, நேற்று, நேத்து. 'ன்ற' என்பது 'ன்ன' அல்லது 'ண்ண' ஆகும்: நின்றான், நின்னான், ஒன்று, ஒண்ணு. 'கிறது' என்பது 'து' எனச் சுருங்கும்: வருகிறது, வருது. 'ஆர்கள்' என்பது 'ஆங்க' ஆகும்: வந்தார்கள், வந்தாங்க. ஐ, இ ஆகியவற்றுக்குப் பின் வரும் 'த்த' என்பது 'ச்ச' ஆகும்: அடித்தான், அடிச்சான், வைத்து, வச்சு. முதல் எழுத்து இ, உ சில சொற்களில் எ, ஒ ஆகும்: இலை, எல, உடம்பு, ஒடம்பு. கடைசி ஐ தேய்ந்து அகரமாகும்: மழை, மழ.

வட்டாரத்துக்கு வட்டாரம் இது கொஞ்சம் மாறும். உங்கள் வீட்டுப் பேச்சு எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சித் தமிழைக் கடன் வாங்க வேண்டாம்.

எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என ஒரே மொழி இரண்டாக நிற்கும் இந்த நிலைக்கு மொழியியலில் இரட்டை வழக்கு என்று பெயர். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இது தனி ஆய்வுப் பொருளாகப் பரவியது. அரபியும் சுவிட்சர்லாந்து ஜெர்மனும் அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளில் இரண்டு. அந்த வீடுகளிலும் இதே முழிப்புதான் இருக்கும்.

ஒற்றைவரி

மாற்றப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்துப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வைத்துவிடாதீர்கள், அது வாசிக்கிற பெரியவருக்கு.

நடுப்பக்கம்

இந்தப் பட்டியல் இன்னொரு இடத்திலும் உதவும்: எழுத்துப் பிழை. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளை 'காத்து', 'எல', 'ஒடம்பு' என்று எழுதினால் அது கவனக்குறைவு கிடையாது. காதில் விழுவதைச் சரியாகத்தான் எழுதுகிறது. சிவப்பு மையால் அடிப்பதற்குப் பதில், "பேசும்போது காத்து, புத்தகத்தில் காற்று" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் அதே வகைச் சொற்கள் பத்துக்கு அது தானாகப் பொருத்திப் பார்க்கும். மாறாக 'பள்ளம்' என்பதைப் 'பல்லம்' என்று எழுதினால் அது வேறு வகை. ல, ள வேறுபாடு காதிலேயே விழவில்லை. இதற்கு எழுதவைத்துப் பயனில்லை. வாயால் சொல்ல வைத்து, நாக்கு எங்கே தொடுகிறது என்று கவனிக்கச் சொல்ல வேண்டும்: ல வரும்போது நுனிநாக்கு மேற்பல்லின் அடியைத் தொடும், ள வரும்போது நாக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும், ழ வரும்போது வளைந்து நெருங்கும், ஆனால் தொடாது.

பிழையைப் பார்த்ததும் முதலில் எந்த வகை என்று பிரியுங்கள். மருந்து வேறு வேறு.

சாளரம்

வாசிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறோம். வாசிப்புக்கு நடுவே நடக்கும் பேச்சைப் பற்றி யாரும் தொடவில்லையே?

1988இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்குப் படப்புத்தகம் வாசிக்கும்போது எப்படிக் கேள்வி கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல வாசித்தார்கள். ஒரு மாதத்தில் முதல் குழுப் பிள்ளைகளின் பேச்சு தெளிவாக முன்னேறியிருந்தது. உரையாடல் வாசிப்பு என்று இதைச் சொல்கிறார்கள். முறை ரொம்ப எளிது: கேள், பதிலை ஏற்றுக்கொள், அதையே கொஞ்சம் நீட்டிச் சொல், பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வை.

"இது என்ன பண்ணுது?" "ஓடுது." "ஆமா, கறுப்பு நாய் ஓடுது. யாரு ஓடுது?" "கறுப்பு நாய் ஓடுது." இவ்வளவுதான். நீட்டுவது இரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. "கறுப்பு நாய், பூனையைத் துரத்திக்கிட்டு, வேலியைத் தாண்டி ஓடுது" என்றால் பிள்ளையால் திருப்பிச் சொல்ல முடியாது. பேசாமல் அடுத்த பக்கத்தைத் தள்ளிவிடும்.

வயதுக்குத் தக்கபடி கேள்வி மாறும். இரண்டு வயதில் 'என்ன', 'யார்', 'எங்கே'. பாட்டுப் போல வரும் வரிகளில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்தினால் அது நிரப்பும். நான்கில் 'அடுத்து என்ன ஆகும்'. ஐந்துக்கு மேல் 'ஏன்', 'நீயா இருந்தா என்ன பண்ணுவ'.

எல்லாரும் செய்யும் தவறு, கேட்டதும் நாமே பதில் சொல்லிவிடுவது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி பெரியவருக்கு யுகமாகத் தெரியும், பிள்ளைக்கு அது யோசிக்கும் நேரம்.

பின்னட்டை

கேள்வி கேட்பதற்கும் ஒரு அளவு வேண்டும் சாளரம். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்திக் கேள்வி கேட்டால் கதை தேர்வுத்தாள் ஆகிவிடும். முதல் வாசிப்பில் கேள்வியே கூடாது, கதை ஒரே ஓட்டமாகப் போகட்டும். இரண்டாவதிலிருந்து ஒரு புத்தகத்துக்கு மூன்று நிறுத்தம் தாராளம். எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே ஒருமுறை மனதுக்குள் புரட்டிப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல இடம், பக்கம் திருப்புவதற்குச் சற்று முன்.

கேள்வியைவிடக் கெட்டது ஒன்று இருக்கிறது. கடைசிப் பக்கம் முடிந்ததும் "இந்தக் கதையிலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த முகம் அந்த நொடியில் வாடுவதைப் பார்க்கலாம்.

சாளரம்

அதில் சண்டையே இல்லை. முதல் வாசிப்பில் கேள்வி வேண்டாம் என்பதை நானும் சேர்த்துக்கொள்கிறேன். பிள்ளை தானாகக் கேட்டால் மட்டும் எந்த வாசிப்பானாலும் நிறுத்தி பதில் சொல்ல வேண்டும். "அப்புறம் சொல்றேன், இப்ப கேளு" என்றால் அடுத்த முறை கேட்காது.

கொம்புசுழி

கேட்பதிலிருந்து தானே வாசிப்பதற்கு மாறும் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் முட்டுவது அங்கேதான்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. இந்த எண்ணைச் சொல்லிச் சொல்லியே பெரியவர்கள் பயந்துபோய், பிள்ளையையும் பயமுறுத்துகிறோம். 247 உருவத்தையும் தனித்தனியாகக் கற்பதில்லை யாரும். தனி உருவங்கள் சுமார் 31, அதன்மேல் துணைக்குறிகள். உண்மையான சுமை உ, ஊ வரிசையில்தான். அந்த 36 எழுத்தில் குறி மெய்யோடு ஒட்டிப்போய் வேறு வேறு உருவம் எடுக்கிறது.

அதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சு, பு, யு, வு, ஙு ஐந்திலும் கோடு கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறிலும் கோடு சுழன்று திரும்பும். து, நு, ணு, லு, று, னு, ஞு ஏழிலும் வால் கீழே போய் மேலேறிக் கால் போல நிற்கும். மூன்று குடும்பமாகப் பிரித்து, ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று காட்டினால் ஒட்டும். க-விலிருந்து ன வரை வரிசையாக ஒப்பிக்க வைத்தால் ஒப்பிக்கும். நடுவில் ஒன்றைக் காட்டிக் கேட்டால் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துத்தான் சொல்லும்.

தொடக்கம் 'அ'வில் இருக்க வேண்டியதில்லை. ட, ப, ம மூன்றும் நேர்க்கோடு கொண்டவை, எழுதவும் எளிது. புள்ளியையும் துணைக்காலையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம், மாமா, பாப்பா என்று முதல் வாரத்திலேயே எட்டுச் சொல் வாசிக்கலாம். பிறகு ர, த, க. சொல்லை வாசித்துவிட்டோம் என்ற திருப்தி அகரவரிசையை முடித்து மூன்று மாதம் கழித்து வருவதைவிட, மூன்றாம் நாளே வருவது நல்லது.

அடுத்த முட்டல், கொம்பு. கெ, கே, கை மூன்றிலும் ஒலி பின்னால் வரும் குறி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கொ, கோ, கௌ வந்தால் குறி இரண்டு பக்கமும் அணைத்து நிற்கிறது. இடமிருந்து வலமாகப் போகிற பிள்ளை 'கொடி'யை 'கெ…' என்று தொடங்கிப் பிறகு ஒற்றைக் காலைப் பார்த்துத் திகைக்கும். மருந்து எளிது: கொம்பைப் பார்த்தால் வாயைத் திறக்காதே, அடுத்ததைப் பார். விரலால் 'கொ' முழுவதையும் ஒரே எழுத்தாக மூடித் திறந்து காட்டுங்கள். 'கௌ'வின் பின்பாதியும் 'ள'வும் ஒரே தோற்றம் என்பதால் 'கௌ' என்பதைக் 'கெள' என்று வாசிப்பது பெரியவர்களுக்கே நடக்கும். அந்த எழுத்தில் வரும் சொற்கள் குறைவு. கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

'ர' எழுத்தும் துணைக்காலும் பல அச்செழுத்துகளில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். ர-வின் அடியில் சாய்கோடு இருக்கும் எழுத்துருவில் அச்சான புத்தகமாகத் தேர்ந்தெடுத்தால் பாதிக் குழப்பம் போகும். புத்தகம் வாங்கும்போது அட்டைப்படத்தைப் பார்க்கிறோம், இதைப் பார்ப்பதில்லை.

ஒற்றைவரி

'ழ' வரும் சொற்களைத்தான் எல்லாரும் பயிற்சி தருகிறார்கள், பிள்ளை திணறுவதோ 'ண்' எது 'ன்' எது என்று சுழியை எண்ணும்போது.

நடுப்பக்கம்

கொம்புசுழி அவர்களுக்கு ஒரு கேள்வி. எழுத்தெல்லாம் தெரிகிறது, ஆனால் 'பகல்' என்பதைப் 'பக்கல்' போல அழுத்தி வாசிக்கிறது, 'பாட்டு' என்பதைக் கடைசியில் உதடு குவித்து இழுக்கிறது. கேட்டால் வேறு மொழிக்காரர் வாசிப்பது போல இருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

கொம்புசுழி

இது எழுத்தைத் தனியாகக் கற்றதன் பக்கவிளைவு. க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலிதான் என்று பிள்ளை நம்பியிருக்கிறது. மூன்று சொல்லை அடுத்தடுத்து வைத்து வாசித்துக் காட்டுங்கள்: பக்கம், பங்கு, பகல். இரட்டித்தால் அழுத்தம், மெல்லினத்துக்குப் பின் அதிர்வு, இரண்டு உயிருக்கு நடுவில் தளர்வு. அதேபோல பச்சை, பஞ்சு, பசி. பத்து, பந்து, பதில். விதியைச் சொல்லத் தேவையில்லை, மூன்று மூன்றாக வாசித்தால் காது பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே பேச்சில் அது சரியாகத்தானே சொல்கிறது!

கடைசி உகரத்துக்கு வேறு காரணம். பாட்டு, காது, கிணறு போன்றவற்றின் கடைசி உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரைதான், உதடு குவியாது. பசு, தெரு போன்றவற்றில் முழு மாத்திரை, உதடு குவியும். எழுத்து ஒன்றே என்பதால் பிள்ளை எல்லாவற்றையும் குவித்து வாசிக்கிறது. "பேசுற மாதிரியே வாசி" என்று சொல்லி, 'காது' 'பசு' இரண்டையும் மாறி மாறி வாசிக்க வைத்தால் ஒரு வாரத்தில் சரியாகும். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரமும் இப்படித்தான், இரண்டிலிருந்து ஒரு மாத்திரையாகக் குறுகிவிடும். 'தலைவன்' என்பதில் 'லை'யை இழுத்து வாசித்தால் மேடை நாடகம் போல இருக்கும்.

தாளோசை

நன்றி. இப்போது எட்டு, ஒன்பது வயதுக்கு வரலாம். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், ஆனால் புத்தகத்தைத் தொடாத பிள்ளை. இதற்கு என்ன வழி?

அரைமாத்திரை

முதலில் எது குறை என்று பார்க்க வேண்டும். வாசிப்பு ஆய்வாளர்கள் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986இல் சொன்ன எளிய கணக்கு: வாசித்துப் புரிவது என்பது எழுத்தை ஒலியாக மாற்றும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியம் என்றால் மொத்தமும் பூச்சியம்.

சோதிக்க ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தைப் பிள்ளையே வாசிக்கட்டும், என்ன நடந்தது என்று பேச்சில் சொல்லட்டும். அதே அளவு கடினமான வேறு பக்கத்தை நீங்கள் வாசியுங்கள், அதையும் சொல்லட்டும். நீங்கள் வாசித்தது நன்றாகப் புரிந்து, தான் வாசித்தது புரியவில்லை என்றால் குறை எழுத்துக் கூட்டுவதில். அதற்குப் பயிற்சி வேண்டும். இரண்டும் புரியவில்லை என்றால் குறை எழுத்துத் தமிழில். அங்கே எழுத்துப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை, வாசித்துக் காட்டுவதை மறுபடி தொடங்க வேண்டும். எட்டு வயதாகிவிட்டதே, இனி எதற்கு வாசித்துக் காட்டுவது என்று நிறுத்துவதுதான் பெரும்பாலும் காரணம்.

பின்னட்டை

முதல் வகைக்கு இணைவாசிப்பு நல்ல பலன் தரும். பெரியவரும் பிள்ளையும் ஒரே நேரத்தில் சேர்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும், பிள்ளையின் வேகத்துக்கு. தைரியம் வந்ததும் பிள்ளை மேசையை ஒருமுறை தட்டும், பெரியவர் நிறுத்திக்கொள்ளலாம், பிள்ளை தனியாக வாசிக்கும். தடுமாறினால் நாலைந்து நொடி காத்திருங்கள். வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிடுங்கள், பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லும், மறுபடி சேர்ந்து வாசிப்பு தொடங்கும். எழுத்துக் கூட்டச் சொல்லக் கூடாது, "போன பக்கத்தில் வந்துச்சே" என்று குத்திக்காட்டக் கூடாது. வாரத்துக்கு ஐந்து நாள், பத்திலிருந்து பதினைந்து நிமிடம், ஆறிலிருந்து எட்டு வாரம். ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து மீதி நாள் விட்டால் ஒன்றும் நடக்காது.

புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு மிக எளியது என்று நமக்குத் தோன்றினாலும்.

நடுப்பக்கம்

கடினத்தை அளக்க ஐந்து விரல் சோதனை என்று சொல்வார்கள். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம். தமிழுக்கு இதை அப்படியே எடுக்க முடியாது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது அச்சில் ஒரு சொல், பிள்ளையின் கண்ணுக்கு ஒரு மலை. ஆனால் உள்ளே 'வா' தெரிந்த சொல்தான். அதனால் விரல் மடக்கும் முன் ஒரு வேலை: அட்டைத் துண்டால் சொல்லின் பின்பாதியை மூடி, முன்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். வந்து, வந்துகொண்டு, வந்துகொண்டிருந்தவர், வந்துகொண்டிருந்தவர்கள். திறந்த பிறகு தெரிந்துவிட்டால் விரல் மடக்க வேண்டாம்.

இரண்டு சொல் சேரும்போது எழுத்து மாறும் புணர்ச்சியும் இதே தொல்லை. 'முட்செடி'யைப் பார்க்கும் பிள்ளைக்கு முள்ளும் தெரியும், செடியும் தெரியும், 'முட்' தெரியாது. கற்சிலை, பொற்குடம், நாட்டுப்பாடல் எல்லாமே இப்படி. ஒரு பக்கத்தில் இப்படி இரண்டுக்கு மேல் வந்தால் ஏழெட்டு வயதுப் பிள்ளை தனியாக வாசிக்க அந்தப் புத்தகம் சரிவராது. நாம் வாசித்துக் காட்டும் அடுக்குக்கு மாற்றிவிடலாம்.

சாளரம்

இரண்டாம் வகைக்கு, அதாவது எழுத்துத் தமிழ் காதில் ஏறாத பிள்ளைக்கு, நீளமான கதையைத் தொடராக வாசிப்பது. ஒரு நாளைக்கு 6 முதல் 8 பக்கம், கால் மணி நேரம். 120 பக்கப் புத்தகம் 15 முதல் 20 நாளில் முடியும். அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்தாமல் அதற்கு ஒரு பக்கம் முன்னால், முடிச்சு விழுந்த இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் தொடங்கும் முன் "நேத்து எங்க விட்டோம்?" என்று கேட்டால் பிள்ளையே சுருக்கம் சொல்லும். இது கேள்வியாகவே தெரியாது, ஆனால் மீள்சொல்லல் பயிற்சி முழுதும் இதில் நடந்துவிடும்.

முதல் இருபது பக்கம் எந்தக் கதையும் கொஞ்சம் இழுக்கும், பெயர்கள் குழம்பும். ஒரு காகிதத்தில் பாத்திரங்களின் பெயரும் உறவும் எழுதிப் புத்தகக் குறியாக வைத்துக்கொள்ளலாம். ஐம்பது பக்கம் தாண்டியும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு?

தாளோசை

வீட்டில் இரண்டு பிள்ளை, நான்கு வயதும் எட்டு வயதும் என்றால்? தனித்தனியாக வாசிக்க நேரம் கிடைக்காது.

சாளரம்

சின்னதுக்கு முதலில், பெரியது கூட இருக்கட்டும். படப்புத்தகத்தின் விவரிப்பைப் பெரிய பிள்ளையையே வாசிக்கச் சொல்லலாம். தனக்கு எளிதான பக்கத்தைச் சரளமாக வாசிக்க அதற்கு ஒரு நியாயமான காரணம் கிடைக்கிறது, "இது பாப்பா புத்தகம்" என்ற கூச்சமும் இல்லை. பிறகு தொடர்கதை, சின்னது கேட்டுக்கொண்டே தூங்கிப்போகலாம். வரிசையை மாற்றினால் சின்னது இடையூறு செய்துகொண்டே இருக்கும்.

உட்காரும் இடமும் முக்கியம். புத்தகத்தின் எழுத்துப் பக்கம் பெரிய பிள்ளை பக்கமும், படப் பக்கம் சின்னதின் பக்கமும் வருமாறு. வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும்.

ஒற்றைவரி

கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும், மடியில் கவிழ்த்து வைத்தாலும் அதுவும் ஒரு பிள்ளைதான்.

நடுப்பக்கம்

வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரியாத, ஆனால் பேசத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் எழுத்தே இல்லாத படப்புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றைக் கொடுங்கள். படத்தைப் பார்த்துத் தன் வாயால் கதை கட்டலாம். ஒரே படம், தாத்தா சொல்லும் கதை ஒன்று, அம்மா சொல்லும் கதை வேறொன்று என்று வருவதில் பிள்ளைக்கு ஒரு குஷி. பிள்ளை சொல்லும் கதையை அது சொன்ன சொல்லிலேயே எழுதி, பக்கத்தின் அடியில் ஒட்டிவிட்டால் அதுவே முதல் வாசிப்புப் புத்தகம் ஆகிவிடும். தான் சொன்ன வாக்கியம் என்பதால் பாதி ஞாபகத்திலும் பாதி எழுத்திலுமாக வாசித்துவிடும்.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுப்பதை மட்டும் தவிருங்கள். ல, ள, ழ மூன்றும் அங்கே கரைந்துவிடும், குறில் நெடில் தெரியாது. தமிழ் எழுத்தைக் கற்க வேண்டிய அவசியமும் போய்விடும்.

கொம்புசுழி

விட்டுப்போன ஒன்று. வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய புத்தகங்களைப் பிள்ளை எடுத்துப் புரட்டினால் சில எழுத்து புரியாது. ணை, லை, ளை, னை நான்கும் முன்னால் துதிக்கை போலச் சுழிந்த குறியோடு இருக்கும். ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும் துணைக்கால் இல்லாமல் எழுத்தோடு ஒட்டி வளைந்திருக்கும். மொத்தம் 13 எழுத்து. பெரியார் 1935இல் 'குடியரசு' இதழில் புது வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு 1978இல் ஆணையிட்ட பிறகு அவை பாடநூலுக்கு வந்தன. பதின்மூன்றையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி, பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம், அந்தப் புத்தகத்திலேயே செருகிவைத்தால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது ரகசிய எழுத்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு.

தாளோசை

அப்படிப்பட்ட பழைய புத்தகங்களின் தாள் ஓரம் கிழிந்து வருகிறதே, பிள்ளை கையில் கொடுக்கலாமா?

கொம்புசுழி

கொடுக்கலாம், மேசைமேல் விரித்து வைத்து. கிழிந்ததைப் பிசின் நாடா போட்டு ஒட்டாதீர்கள். சில ஆண்டில் அது மஞ்சளாகிக் காய்ந்து உதிர்ந்தாலும் பிசின் மட்டும் தாளில் ஊறி எழுத்தைக் கறையாக்கும். மெல்லிய, ஒளி ஊடுருவும் தாளை விரல் அகலத்தில் கையால் கிழித்தெடுத்து (கத்தரித்தால் விளிம்பு தடித்துத் தெரியும்), மாவுப் பசையை நீர்க்கக் காய்ச்சி ஆறவைத்து, தூரிகையால் மிக லேசாகத் தடவி ஒட்டுங்கள். மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்து, கனமான புத்தகம் ஒன்றை ஏற்றி ஓர் இரவு விட்டால் போதும். பசை அதிகமானால் தாள் சுருங்கிப்போகும். தொட்டால் நொறுங்குகிற அளவுக்குத் தாள் காய்ந்துவிட்டிருந்தால் ஒட்டவே முயல வேண்டாம். பக்கங்களைப் படமெடுத்து அச்சிட்டுக் கொடுங்கள்.